சாயங்காலம் 5 மணிக்கு வந்தவனுக்கும் அதே கூலியா? அம்மாவுக்கு என்ன பதில் சொல்ல?

கொழுந்துக்காரி மக:

மரியே வாழ்க. நாங்க மூணாறு பக்கம் ஒரு டீ எஸ்டேட் லயத்துல, அதான் வரிசை வீட்டுல இருக்கோம், அம்மா 30 வருஷமா தேயிலைக் கொழுந்து எடுக்குறாங்க. அப்பா போன மாசம் இறந்துட்டாரு. அவரு குடிப்பாருங்க, அம்மா சம்பளத்துலயே பாதிய புடுங்கிட்டு போயிடுவாரு, நான் பத்தாவது படிக்கும்போது ஃபீஸுக்கு அடகு வெச்ச அம்மா கம்மல் இன்னும் மீட்கல. கடைசி நாலு நாள் இருக்கும்போது பங்கு அச்சன் (சாமியார்) வீட்டுக்கு வந்து பாவசங்கீர்த்தனம், அதான் பாவ அறிக்கை கேட்டு, சாகக் கெடக்குறவங்களுக்கு எண்ணெய் பூசுற அவஸ்தைப்பூசுதல் குடுத்தாரு. அப்பா தேம்பி தேம்பி அழுதாரு, நானும் அழுதேன், அம்மா மட்டும் தண்ணி சூடு பண்ணணும்னு உள்ள போயிட்டாங்க.

இப்ப பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு பூசைல மத்தேயு 20, திராட்சைத் தோட்டத்து வேலைக்காரங்க வாசகம். காலைல வேலைக்கு வந்தவனுக்கும் ஒரு தெனாரியம் (அந்தக் காலத்துக் காசு), அஞ்சு மணிக்கு வந்தவனுக்கும் ஒரு தெனாரியம். பிரசங்கத்துல அச்சன் கடைசி நேரத்துல மனம் திரும்பினவங்களுக்கும் அதே மோட்சம்னு சொன்னாரு. அம்மா வெளிய வந்து செருப்பு போடும்போது ஒண்ணுதான் கேட்டாங்க, "அப்ப நான் 30 வருஷம் வெயில்லயும் அட்டைக்கடிலயும் நின்னதுக்கு என்னடி கணக்கு?" அதுக்கப்புறம் ரெண்டு ஞாயிறா பூசைக்கு வரல. அப்பாவுக்கு முப்பதாம் நாள் பூசைக்கு எழுதலாம்மான்னு கேட்டா பேசவே மாட்டேங்குறாங்க. நான் என்ன சொல்றது, யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

போடிமெட்டு அண்ணன்:

தங்கச்சி, உங்க வருத்தம் புரியுது, ஆனா ஞாயிறு பூசைய விடுறது பெரிய பாவம்மா, மொதல்ல அம்மாவ எப்படியாவது கூட்டிட்டு வாங்க. கடவுள் நீதிய நாம கேள்வி கேக்க முடியாது. ஜெபமாலை சொல்லுங்க.

கூடைக்காரி:

அண்ணே, கோச்சுக்காதீங்க, அந்தம்மா கேள்வி கேட்டதுல என்ன தப்பு இருக்கு. நானும் கொழுந்து எடுக்குறவதான். ஒரு நாளைக்கு இத்தனை கிலோன்னு காட்டணும், அதுக்கு மேல எடுத்தாதான் கிலோ காசு, மழைல நனைஞ்ச சாக்கு முதுகுல எவ்ளோ கனக்கும்னு தூக்குனவளுக்குத்தான் தெரியும். அதனால அந்த வாசகம் வந்தாலே எங்களுக்கு முதல்ல வயிறுதான் எரியும்.

ஆனா ஒண்ணு சொல்றேன் பாப்பா. 2015 செப்டம்பர்ல போனஸ 20 சதவீதத்துல இருந்து 10க்கு கொறச்சதுக்கு நாங்க பொம்பளைங்கதான் மூணாறு ரோட்டுல உக்காந்தோம், பெம்பிளை ஒருமை, அதான் பொம்பளைங்க ஒத்துமைன்னு கேரளாவே பேசுச்சே அதான். ஒம்பது நாள். என் பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் கூட வரல, கதவ சாத்திட்டு உள்ளயே இருந்தா. கடைசில 20 சதவீதம் தர ஒத்துக்கிட்டாங்க, அவளுக்கும் அதே 20தான். எனக்கு அப்ப வந்த கோவம் சொல்லி மாளாது, ஒரு மாசம் அவகூட பேசல. அப்புறம் ஒரு நாள் அவ மகன் புது யூனிஃபார்ம் போட்டு ஸ்கூலுக்கு போறத பார்த்தேன், அந்த காசுல தைச்சதாம். கோவம் போச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்த புள்ள சட்டைய கழட்டணும்னு எனக்கு தோணல. இத அம்மாகிட்ட சொல்லிப் பாரு. வேற ஒண்ணும் எனக்கு தெரியாது.

மலைப்பங்கு சாமி:

மகளே, நானும் ஒரு பங்குச்சாமிதான், தமிழ்ச் சனங்க இருக்குற ஹைரேஞ்ச் பங்குகள்ல கொஞ்ச வருஷம் இருந்திருக்கேன். அம்மாவ யாரும் பூசைக்கு இழுத்துட்டு போக வேண்டாம், அவங்க வலில இருக்காங்க, கதவு தொறந்தே இருக்கட்டும்.

அம்மா கேட்ட கேள்வி பைபிள்லயே இருக்கு. இந்த உவமைக்கு கொஞ்சம் முன்னாடி, 19ஆம் அதிகாரம் 27ஆம் வசனம் வாசிச்சுப் பாருங்க, எல்லாத்தையும் விட்டுட்டு வந்தோமே எங்களுக்கு என்ன கிடைக்கும்னு இயேசுவோட சீடர் பேதுருவே கேக்குறாரு, இயேசு அவர திட்டல. உவமைலயும் முணுமுணுத்தவன தோட்டத்து முதலாளி "தோழரே"ன்னுதான் கூப்பிடுறாரு. அவன் திரும்ப என்ன சொன்னான்னு எழுதல. இயேசு சொன்ன ஊதாரி மகன் கதைலயும், சொத்த அழிச்சுட்டு வந்த தம்பிய அப்பா சேத்துக்கிட்டதுக்கு கோவிச்சு வெளிய நின்ன அண்ணன் கடைசில வீட்டுக்குள்ள போனானான்னும் எழுதல. ரெண்டு பேரையும் நின்ன எடத்துலயே விட்டு வெச்சிருக்காரு, அத நான் அவங்க மேல இருக்குற மரியாதையாத்தான் பார்க்குறேன்.

அந்த அஞ்சு மணி ஆளு சோம்பேறியா திரியல. யாரும் எங்கள வேலைக்கு கூப்பிடலன்னு அவங்களே சொல்றாங்க. ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி, அத வெச்சுத்தான் அன்னைக்கு ராத்திரி அடுப்பு எரியும், அதனாலதான் பழைய ஏற்பாட்டுல இணைச்சட்டம் 24ல பொழுது சாயிறதுக்குள்ள கூலிய குடுத்துடுன்னு சொல்லியிருக்கு. உங்க அப்பா கதை இப்படி இல்லைன்னு எனக்கும் தெரியும். அவருக்கு வேலை இருந்துச்சு, வீடு இருந்துச்சு, அதையும் தாண்டி கடைத்தெருவுல நின்னாரு. அதனால இந்த உவமைய அப்படியே அவர் மேல போர்த்திட முடியாது, பிரசங்கம் வைக்கிற நாங்க அத பல தடவ அவசரமா போர்த்திடுறோம், நானும் செஞ்சிருக்கேன்.

இன்னொண்ணு, பாவசங்கீர்த்தனம் பண்ணினா பாவத்துக்கு மன்னிப்பு உண்டு, ஆனா அது செஞ்ச கேடு அதோட மறைஞ்சு போச்சுன்னு திருச்சபை சொல்லல. உத்தரிக்கிற ஸ்தலம்னு நம்ம பாட்டிமாருங்க சொல்வாங்களே, மோட்சத்துக்கு முன்னாடி ஆன்மா சுத்தமாகுறது, அது அதுக்குத்தான். அம்மா சிந்துன கண்ணீரையும் அடகுல கிடக்குற அந்த கம்மலையும் உங்க அப்பா அங்க ஒவ்வொண்ணா பார்த்தாகணும், மன்னிப்பு கிடைச்ச மனுஷனா பார்க்கணும், அதுதான் அவருக்கு வலிக்கும். அவருக்காக பூசை வைக்கிறது அதனாலதான். ஆனா அத அம்மாதான் வைக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல, நீங்க வைங்க.

கொழுந்துக்காரி மக:

ஃபாதர், கூடைக்காரி அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. நேத்து ராத்திரி அடுப்படில வெச்சு ஃபோன்ல இத முழுசா வாசிச்சு காட்டுனேன். அம்மா கொழுந்து வெட்டுற கத்தரிக்கு எண்ணெய் போட்டுட்டே கேட்டாங்க. யூனிஃபார்ம் கதை வந்தப்ப நிறுத்தி மறுபடி வாசிக்க சொன்னாங்க. பேதுரு கேட்டது வந்ததும் "அவரு கேட்டா தப்பில்லல்ல"ன்னு மட்டும் சொன்னாங்க, வேற ஒண்ணும் பேசல.

இன்னைக்கு காலைல எஸ்டேட்டுல பேர் பதியுற மஸ்டருக்கு கெளம்பும்போது அரிசி டப்பாக்குள்ள இருந்து காசு எடுத்து குடுத்தாங்க ஃபாதர். அப்பாவுக்கு முப்பதாம் நாள் பூசை எழுதிடு, அதே வாரம் எனக்கும் தனியா ஒண்ணு எழுது, உசுரோட இருக்கவங்களுக்கு பூசை வைக்கக் கூடாதான்னு கேட்டாங்க. எனக்கு பதில் தெரியல. வைக்கலாமா?

மலைப்பங்கு சாமி:

தாராளமா வைக்கலாம்மா. யாருக்காக பூசைன்னு எழுதுற கருத்து நோட்டுல அம்மா பேரையே எழுதச் சொல்லுங்க.