விளம்பரத்துக்காக விண்டோஸை விடுவதா?

பனங்காடு: நேற்று விண்டோஸை அழித்துவிட்டு, லினக்ஸ் வகை இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டாயிற்று. 2024 ஏப்ரலில் விண்டோஸ் 11 ஸ்டார்ட் மெனுவிலேயே ‘பரிந்துரை’ என்ற பெயரில் ஸ்டோர் செயலிகளின் விளம்பரத்தைக் கொண்டுவந்தார்கள். காசு கொடுத்து வாங்கிய கணினியில் இது எந்த ஊர் நியாயம்?

கடைக்கணக்கு: செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், ஸ்டார்ட். அங்கே அணைத்துவிடலாம், அரை நிமிட வேலை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திவிட்டீர்களே தம்பி!

பனங்காடு: ஒரே சுவிட்ச் என்றால் நானும் சும்மா இருந்திருப்பேன், அண்ணா. லாக் ஸ்கிரீனுக்குத் தனி, ஃபைல் எக்ஸ்ப்ளோரருக்குத் தனி. எக்ஸ்ப்ளோரருக்கானது ஃபோல்டர் ஆப்ஷன்ஸுக்குள் ‘ஷோ சிங்க் புரொவைடர் நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று கிடக்கிறது. அதுதான் விளம்பரத்தை நிறுத்தும் என்று யாருக்குத் தோன்றும்?

கடைக்கணக்கு: லினக்ஸ் மட்டும் யோக்கியமா? 2012-இல் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 12.10 பதிப்பு வந்தபோது, உங்கள் கோப்பை நீங்கள் தேடினால் கூடவே அமேசான் பொருள்களும் வந்து நின்றன. தேடிய சொல் உபுண்டுவை வெளியிடும் கேனானிக்கல் நிறுவனத்தின் சர்வருக்குப் போனது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே அதை உளவு மென்பொருள் என்று எழுதினார்.

பனங்காடு: சரி, அது அசிங்கம்தான். ஆனால் அமேசான் பொருள்களைக் காட்டிய அந்த ‘ஷாப்பிங் லென்ஸ்’ என்ற நிரலை ஒரு வரிக் கட்டளையில் பிடுங்கி எறிய முடிந்தது. 2016-இல் உபுண்டு 16.04 வந்தபோது அவர்களே இணையத் தேடலை அணைத்து வைத்துத்தான் கொடுத்தார்கள். உபுண்டு மேல் கட்டிய மின்டில் அந்த லென்ஸே கிடையாது. ஒரு லினக்ஸ் பிடிக்காவிட்டால் இன்னொன்று என்று பக்கத்து வீட்டுக்குப் போகலாம். விண்டோஸில் பக்கத்து வீடு ஏது?

எழுத்தாணி: நான் லினக்ஸுக்கு மாறியதற்கு விளம்பரம் காரணமில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. என் மடிக்கணினியில் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி இல்லாததால் அது ஏறாது. தமிழ் தட்டச்சுதான் பயமாக இருந்தது. ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்களை நிறுவியதும் தமிழ்99 விசைப்பலகை அமைப்பு வந்துவிட்டது. ஆனால் முதல் நாள் பிரிண்டரோடு மல்லுக்கட்டியதில் இரவுச் சாப்பாடு ஆறிப்போனது, அதையும் சொல்ல வேண்டும்.

கடைக்கணக்கு: அதைத்தான் சொல்கிறேன் அக்கா. என் கடையில் பில் போடும் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான். வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது சுதந்திரம் பேச முடியாது.

பனங்காடு: கடைக் கணினியைத் தொடவே வேண்டாம் அண்ணா. வீட்டுக் கணினியில் மின்டை நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள், ஹார்ட் டிஸ்கில் எதுவும் அழியாது.

கடைக்கணக்கு: ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன். வைஃபை வராவிட்டால் இங்கேயே வந்து திட்டுவேன்.