எஸ்டி முனையத்தில் எழுத்துரு அளவு மாறவில்லை: எங்கே பிழை?

பழங்கணினி:
வணக்கம். 2 ஜிபி நினைவகமே உள்ள என் பழைய மடிக்கணினியில் டெபியன் 12 லினக்ஸ் நிறுவி, ஓபன்பாக்ஸ் சாளர மேலாளரைப் பயன்படுத்தி வருகிறேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையம் இலகுவாக வேண்டும் என்பதற்காக, சக்லெஸ் குழுவினரின் எஸ்டி (st) 0.9.2 மூலநிரலைத் தரவிறக்கி, எக்ஸ்11, எக்ஸ்எஃப்டி நூலகங்களின் டெவ் தொகுப்புகளையும் சேர்த்துக்கொண்டு, நிர்வாகி உரிமையோடு நிறுவும் 'சுடோ மேக் கிளீன் இன்ஸ்டால்' கட்டளை கொடுத்தேன். முனையம் உடனே திறந்தது. ஆனால் 12 பிக்சல் எழுத்து என் கண்ணுக்குப் போதவில்லை. அமைப்புகள் உள்ள கான்ஃபிக்.டெஃப்.ஹெச் கோப்பில் பிக்சல்சைஸ் மதிப்பை 18 ஆக்கி நான்கு முறை மீண்டும் கம்பைல் செய்துவிட்டேன் (மூலநிரலை இயங்கும் நிரலாக்கிவிட்டேன்). பிழைச்செய்தி ஒன்றும் வரவில்லை, மாற்றமும் வரவில்லை. தவிர, சுட்டியின் சக்கரத்தை உருட்டினால் மேலே போன வரிகள் திரும்பக் கிடைப்பதில்லை. இரண்டுக்கும் வழி சொல்ல வேண்டுகிறேன்.

கருந்திரை:
நீங்கள் திருத்தியது கம்பைலர் படிக்காத கோப்பு. முதல்முறை மேக் கொடுக்கும்போது கான்ஃபிக்.டெஃப்.ஹெச் கோப்பின் நகலாகக் கான்ஃபிக்.ஹெச் உருவாகிறது, அது ஏற்கெனவே இருந்தால் மேக் அதைத் தொடுவதில்லை, 'கிளீன்' கட்டளையும் அதை அழிப்பதில்லை. ஆகவே கான்ஃபிக்.ஹெச் கோப்பை அழித்துவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள். முதல்முறையே சுடோவுடன் ஓட்டியதால் அந்தக் கோப்பு ரூட் (நிர்வாகி) பெயரில் இருக்கும். அதனால்தான் 'எழுதும் உரிமை இல்லாத கோப்பு, அழிக்கவா?' என்று கேட்கும், தயங்காமல் 'ஒய்' கொடுக்கலாம். இனிமேல் வெறும் 'மேக்' கட்டளையை உங்கள் பயனர் பெயரிலும், நிறுவுவதை மட்டும் சுடோவிலும் செய்வது நல்லது. திறந்திருக்கும் சாளரங்கள் பழைய நிரலிலேயே ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், புதிதாக ஒன்றைத் திறந்து பாருங்கள்.

ஒவ்வோர் அளவுக்கும் கம்பைல் செய்ய வேண்டியதும் இல்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளோடு பேஜ்அப் அழுத்தினால் எழுத்து பெரிதாகும். '-எஃப்' தேர்வோடு எழுத்துருவின் பெயரைக் கொடுத்தும் சோதிக்கலாம். பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் எழுத்துருவைத் தேடித்தரும் ஃபான்ட்கான்ஃபிக் சத்தமில்லாமல் வேறோர் எழுத்துருவைத் தந்துவிடும். எஃப்சி-மேட்ச் கட்டளை எது கிடைக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

திரைக்கு மேலே போன வரிகளைச் சேமித்து வைக்கும் வசதி எஸ்டியில் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. முனையத்துக்குள் ஓடி வரிகளைச் சேமிக்கும் டீமக்ஸ் வைத்துக்கொள்ளலாம், அல்லது மூலநிரலைத் திருத்தும் ஸ்க்ரோல்பேக் பேட்சைப் பொருத்தலாம். சுட்டிச் சக்கரத்துக்கு அதன்மேல் இன்னொரு பேட்ச் தேவைப்படும். பேட்சுகள் டெஃப் கோப்பையே திருத்துவதால் கான்ஃபிக்.ஹெச் கோப்பை மறுபடியும் அழிக்க நேரும். உங்கள் மாற்றங்களைக் கிட் (மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) கிளையில் பதிந்து வைக்காவிட்டால், இரண்டாவது பேட்சிலேயே எது யாருடைய வரி என்று தெரியாமல் போய்விடும்.

பழங்கணினி:
மிக்க நன்றி, எழுத்து பெரிதாகிவிட்டது. இப்போது தொலைக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக அலுவலகச் சேவையகத்துக்குள் போய், ஓடும் நிரல்களைக் காட்டும் ஹெச்டாப் திறந்தால், முனைய வகை தெரியாது என்று சொல்லி நின்றுவிடுகிறது.

சேவையகக்காரர்:
எஸ்டி தன்னை 'எஸ்டி-256கலர்' என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அதற்கான டெர்மின்ஃபோ (முனையத்தின் திறன்களை விவரிக்கும்) குறிப்பு உங்கள் கணினியில் நிறுவும்போதே பதிந்துவிட்டது. சேவையகத்தில் அது இல்லை. சேவையகமும் டெபியன் என்றால் என்கர்ஸஸ்-டெர்ம் தொகுப்பை நிறுவினால் போதும். ரூட் உரிமை இல்லையெனில், உங்கள் கணினியில் அந்தக் குறிப்பைக் காட்டும் இன்ஃபோகம்ப் கட்டளை தரும் வெளியீட்டை எஸ்எஸ்ஹெச் வழியாக அங்குள்ள 'டிக்' கட்டளைக்கு அனுப்புங்கள். உங்கள் முகப்பு அடைவுக்குள்ளேயே பதிந்துகொள்ளும். முனைய வகையை எக்ஸ்டெர்ம் என்று மாற்றிச் சமாளிப்பவர்கள் உண்டு. நானும் சில காலம் அப்படித்தான் ஓட்டினேன், ஆனால் சில விசைகள் அவ்வப்போது பிசகின.

கருந்திரை:
ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். தமிழ்க் கோப்புகளை முனையத்திலேயே படிப்பவராக இருந்தால் எஸ்டி உங்களுக்கு ஏமாற்றமே தரும். அது ஒவ்வொரு குறியீட்டையும் தனித்தனிக் கட்டத்தில் வைப்பதால், 'கெ' என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் தனியே நிற்கும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமலே போகலாம். அதற்கு மட்டும் எம்எல்டெர்ம் ஒன்றையும் நிறுவி வைத்துக்கொள்ளுங்கள். இந்திய எழுத்துமுறைகளையும் ஆதரிக்கும் பன்மொழி முனையம் அது.