'ஏமி' ஆவணப்படத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி:
பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸைப் பற்றி ஆசிஃப் கபாடியா இயக்கி 2015இல் வெளிவந்த 'ஏமி' படத்தை அண்மையில் பார்த்தேன். தந்தையைச் சித்திரித்த விதம் தவறானது என்று குடும்பத்தினர் வெளிப்படையாகவே எதிர்த்திருக்கும் நிலையில், இதை முழு உண்மையாக எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 1:
முழு உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். மகளுக்குப் போதை மறுவாழ்வு மையம் தேவையில்லை என்று தந்தை கூறுவதாக வரும் இடத்தில், 'அந்தச் சமயத்தில்' என்று தாம் சேர்த்துச் சொன்னது வெட்டப்பட்டுவிட்டது என்பது அவருடைய புகார். பேசுபவரின் முகத்தைப் பெரும்பாலும் காட்டாமல் குரலை மட்டும் ஒலிக்கவிடும் பாணியில், எங்கே கத்திரி விழுந்தது என்பது பார்வையாளருக்குத் தெரியவே தெரியாது.

மறுமொழி 2:
அந்தப் புகாரில் நியாயம் இருக்கலாம். ஆனாலும் எந்தப் படத்தொகுப்பாலும் உருவாக்க முடியாத காட்சிகள் இதில் உண்டு. 2008 கிராமி இசை விருது விழாவை லண்டனிலிருந்து திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் ஏமி, தாம் போற்றும் ஜாஸ் பாடகர் டோனி பென்னட் தம் பெயரை அறிவித்ததும் கண்கள் விரிய உறைந்து நிற்கிறார்; ஐந்து விருதுகள் கிடைத்த அதே இரவில், போதை இல்லாமல் இதுவும் சலிப்பாகவே இருக்கிறது என்று தம்மிடம் கூறியதாகத் தோழி நினைவுகூர்கிறார்.

மறுமொழி 3:
எனக்கு நெருடியது வேறு. புகைப்படக்காரர்கள் அவரைத் துரத்தியதைக் கண்டிக்கும் படம், அவர்கள் எடுத்த காட்சிகளையே தாராளமாகப் பயன்படுத்துகிறது. (இந்தப் படத்துக்கு ஆஸ்கர் வழங்கியவர்களுக்கு இது உறுத்தவில்லை போலும்.)