கால்பந்து உலகக் கோப்பையில் ஒரு பெரிய சாதனை நடந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

நானே ஆரம்பிக்கிறேன். 1994, அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை. எங்கள் ஊர் குமரி மாவட்டக் கடற்கரை. மணலில் பந்து உதைத்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஜூன் 28 ஆட்டங்கள் நமக்கு நடுராத்திரி தாண்டித்தான் வந்தன. பிரிவின் கடைசி ஆட்டங்கள் என்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்தார்கள். கிளப்பில் இருந்தது ஒரே டிவி, அதில் பிரேசிலும் சுவீடனும் ஆடின. ரொமாரியோ கோலுக்குத் தொண்டை கிழியக் கத்தினோம். 1-1 என்று முடிந்ததும் போய்ப் படுத்துவிட்டோம்.

அப்புறம் பேப்பரில் பார்த்தால், ரஷ்யா 6, கேமரூன் 1. ஒலெக் சலென்கோ என்ற ஒருவரே ஐந்து கோல் அடித்திருந்தார். உலகக் கோப்பையில் ஒரே ஆட்டத்தில் ஒருவர் ஐந்து அடித்தது அதுதான் முதல் தடவை. கேமரூனின் அந்த ஒரு கோலை அடித்தது யார் தெரியுமா? ரோஜர் மில்லா, 42 வயதில்! 1990இல் 38 வயதில் நான்கு கோல் அடித்து, மூலைக்கொடிப் பக்கம் போய் இடுப்பை ஆட்டினாரே, அவர்தான். அந்த நடனத்தை நாங்கள் எல்லோரும் மணலில் ஆடிப் பழகியிருந்தோம். இடைவேளை முடிந்து களம் இறங்கியதுமே அடித்திருக்கிறார். அவ்வளவு வயதில் உலகக் கோப்பையில் அதுவரை யாரும் கோல் போட்டதில்லை. அதைப் பார்க்காமல் விட்டேனே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

சலென்கோவை நினைத்தால் இன்னும் வருத்தம். ஐந்து அடித்தும் ரஷ்யா அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. மொத்தம் ஆறு கோலோடு அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருதைப் பல்கேரியாவின் ஸ்டொய்ச்கோவுடன் பகிர்ந்துகொண்டார். அதற்குப் பிறகு ரஷ்ய அணிக்காக அவர் ஆடவே இல்லை. அவருடைய கதை ஒன்றுக்காகவே இந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியது. நீங்களும் சொல்லுங்கள்.

---

அண்ணா, நானும் தவறவிட்டவள்தான். 2014 அரையிறுதி, பிரேசில் - ஜெர்மனி. எங்களுக்கு ராத்திரி ஒன்றரை மணி. கைக்குழந்தை இருந்ததால் எப்படியும் விழித்திருந்தேன். ஜெர்மனியின் முல்லர் அடித்த முதல் கோலைப் பார்த்தேன். பாப்பா அழுதாள், தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். தூங்கவைத்துவிட்டு வந்தால் 5-0. ஏதோ தப்பாகக் காட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். 23ஆவது நிமிடத்திலிருந்து 29ஆவதுக்குள் நான்கு கோல் விழுந்திருந்தது.

அந்த நான்கில் முதலாவதுதான் ஜெர்மனியின் குளோசாவின் 16ஆவது உலகக் கோப்பை கோல். பிரேசிலின் ரொனால்டோவின் 15ஐ அவர் தாண்டியது அதில்தான். அதுவும் ரொனால்டோவின் சொந்த நாட்டிலேயே. 7-1 என்ற கணக்குதான் எல்லோர் வாயிலும் வருகிறது, குளோசாவை அன்றைக்கு யாரும் பேசவில்லை. முதல் உதையைக் கோல்கீப்பர் தடுக்க, திரும்பி வந்த பந்தைப் பதறாமல் உள்ளே தள்ளினார். பிறகு எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

---

நான் தவறவிடவில்லை, ஆனால் ஸ்டேடியத்துக்குள்ளும் இல்லை. 2022இல் தோஹாவில் வேலை. அர்ஜென்டினா - பிரான்ஸ் இறுதி ஆட்டம் லுசைல் ஸ்டேடியத்தில், டிசம்பர் 18. டிக்கெட்டெல்லாம் நமக்கு எட்டாத விலை. தொழிலாளர் கேம்ப்பிலிருந்து ஏசியன் டவுன் கிரிக்கெட் மைதானத்துக்குப் போனோம், அங்கே பெரிய திரை வைத்திருந்தார்கள். வங்காளதேசத்துக்காரர்கள் பாதிப்பேர் அர்ஜென்டினா சட்டையில். பக்கத்தில் நேபாளிகள், மலையாளிகள், கென்யாக்காரர்கள். மெஸ்ஸிக்கு அது 26ஆவது உலகக் கோப்பை ஆட்டம், ஜெர்மனியின் மத்தேயஸ் ஆடிய 25ஐத் தாண்டிய நாள்.

அர்ஜென்டினா 2-0 என்று முன்னால் இருந்தபோது மைதானமே கூத்தாடியது. 80ஆவது நிமிடம் பிரான்ஸின் எம்பாப்பே ஒரு பெனால்டி கோல், அடுத்த நிமிடமே ஆட்டப்போக்கில் இன்னொரு கோல். அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. கூடுதல் நேரத்தில் மூன்றாவதும் அடித்தார். ஆண்கள் இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் போட்டவர் அதுவரை 1966இல் இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் ஒருவர்தான். ஹர்ஸ்ட் கோப்பையைத் தூக்கினார். எம்பாப்பே 3-3க்குப் பிறகு பெனால்டியில் 4-2 என்று தோற்றார்.

என் அறைத்தோழன் கேரளத்துக்காரன், தீவிர அர்ஜென்டினா ரசிகன். என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். திரையில் எம்பாப்பே தங்கக் காலணியை வாங்கிக்கொண்டு, சிரிக்காமல் கோப்பையைக் கடந்து நடந்தார். அதைப் பார்த்ததும் அவனே அழுகையை நிறுத்திவிட்டு, "பாவம்டா அவன்" என்றான்.