டிஎன்ஏ பொருந்துகிறது, பதிவுகள் முட்டுகின்றன: கொள்ளுத்தாத்தா ஒருவர்தானா?

வேர்தேடி:
வணக்கம். டிஎன்ஏ சோதனையில் ஒருவர் என்னோடு மொத்தம் 212 சென்டிமார்கன் (பொதுவாக உள்ள டிஎன்ஏவை அளக்கும் அலகு) பொருந்துகிறார், அதில் மிக நீளமான துண்டு 48. பேசிப் பார்த்ததில் அவருடைய அப்பாவழித் தாத்தாவின் அப்பாவுக்கும் என் அப்பாவழித் தாத்தாவின் அப்பாவுக்கும் ஒரே பெயர், ஒரே தொழில். ஆனால் என்னிடம் உள்ள பிறப்புப் பதிவில் ஆண்டு 1871. அவரிடம் உள்ள இறப்புப் பதிவில் வயதைக் கழித்தால் 1879 வருகிறது, மனைவி பெயரும் வேறு. ஒரே ஆள் என்று வம்சாவளியில் சேர்த்துவிடலாமா? அப்பா இப்போது இல்லை, அத்தை இருக்கிறார்.

பழஞ்சுவடி:
அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள். ஆண்டு வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, இறப்பு நேரத்தில் வீட்டில் இருந்தவர் யாரோ உத்தேசமாகச் சொன்ன வயது அது. பிறந்தபோதே எழுதிய பதிவுக்குத்தான் எடை அதிகம். மனைவி பெயர்தான் உறுத்துகிறது. கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி இருவருமே பொது என்றால், அதாவது நீங்கள் இரண்டுவிட்ட சகோதரர்கள் என்றால், சராசரி 229 அளவில் இருக்கும். கொள்ளுத்தாத்தா ஒருவர், மனைவியர் இருவர் என்றால் சராசரி 120, ஆனால் 300 தாண்டியும் வருவதுண்டு. உங்கள் 212 இரண்டிலும் அடங்கும். குடும்பத்தில் தாத்தா பெயரையே பேரன்களுக்கு வைத்து, அண்ணன் பிள்ளைக்கும் தம்பி பிள்ளைக்கும் ஒரே பெயர் வந்திருக்குமோ என்றால், அப்படிப் பார்த்தால் நீங்கள் நான்குவிட்ட உறவு, அந்தத் தூரத்தில் பாதிப் பேருக்குப் பொருத்தமே காட்டாது, 212 வருவதற்கு வழியில்லை. ஆக ஒரே ஆள், இரண்டு திருமணம் என்பதுதான் என் கணிப்பு.

கிளைமரம்:
அத்தை இருக்கிறார் என்றீர்களே, அவருக்கு முதலில் சோதனை செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஒரு தலைமுறை மேலே போனால் தாத்தாவழியில் வந்தது கூடுதலாக மிஞ்சியிருக்கும். அவரும் அந்த நபரும் 430 சுற்றி வந்தால் முழு உறவின் (கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி இருவரும் பொது) பக்கம் சாய்கிறது, 220 சுற்றி வந்தால் பாதி உறவு (கொள்ளுத்தாத்தா மட்டும் பொது). இதையும் கட்டாயம் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது, இரண்டு வீச்சும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். கூடவே அத்தையிடம், எதிர்பாராத உறவோ, தெரியாத திருமணமோ வெளிப்படலாம் என்று முன்பே சொல்லி, அவர் மனமாரச் சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள்.
ஒய் குரோமோசோம் சோதனைக்குச் செலவழிக்க வேண்டாம். மனைவி யாராக இருந்தாலும் மகன்களுக்கு அப்பாவின் ஒய்தான், அது உங்கள் கேள்வியைத் தீர்க்காது.

நூலிழை:
ஒன்று கேட்க வேண்டும், இரண்டு குடும்பத்திலும் சொந்தத்துக்குள் திருமணம் நடந்திருக்கிறதா? நடந்திருந்தால் மேலே சொன்ன சராசரிகள் எல்லாம் ஆட்டம் காணும், ஏனென்றால் ஒரே முன்னோர் பல வழியில் வந்து சேர்ந்து கூட்டுத்தொகையை ஏற்றிவிடுவார்கள். அப்போது மொத்தத்தை விட நீளமான துண்டைப் பாருங்கள். 48 நல்ல நீளம், நெருங்கிய பொது முன்னோருக்கான அடையாளம்தான். 7 சென்டிமார்கனுக்குக் கீழே உள்ள துண்டுகளைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள், அவற்றில் பெரும்பகுதி தற்செயல். உங்கள் அம்மாவழிச் சொந்தம் யாராவது சோதனை செய்திருந்தால் இவர் அவர்களுக்கும் பொருந்துகிறாரா என்று பார்த்துவிடுங்கள்.
மனைவி விஷயத்துக்கு மைட்டோகாண்ட்ரியல் சோதனை இருக்கிறது. அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். இரு பக்கத்துத் தாத்தாக்களின் அக்கா தங்கை வழியில், பெண்கள் மூலமாகவே இறங்கி வந்த ஆள் தலைக்கு ஒருவர் வேண்டும். இரண்டும் வேறாக இருந்தால் கொள்ளுப்பாட்டிகள் இருவர் என்பது உறுதி. ஒன்றாக இருந்தால் அது மட்டும் போதாது, தொடர்பில்லாத பலருக்கும் ஒரே வகை வரும்.

வேர்தேடி:
நன்றி, எல்லோருக்கும். அத்தை சம்மதித்துவிட்டார். சொந்தத்துக்குள் திருமணம் இரு பக்கமும் இல்லை. தாத்தாவின் தங்கைக்கு ஒரு மகள், அந்த மகளுக்கு மகன் மட்டும்தான். அவர் ஆண், மைட்டோகாண்ட்ரியல் சோதனைக்கு ஆவாரா?

நூலிழை:
தாராளமாக ஆவார். தன் அம்மாவுடையது அவரிடமும் இருக்கும், அவர் பிள்ளைகளுக்குத்தான் போகாது. அந்தப் பக்கத்திலும் இப்படி ஒருவர் கிடைக்கிறாரா என்று கேட்டு வையுங்கள்.