மறதி என்றால் வயதுதானா? மாமனாரின் வைட்டமின் பி12 கதை

மாமனாருக்கு எழுபது தாண்டிவிட்டது. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார். "வயதானால் இப்படித்தான்" என்று உறவினர்கள் ஆளுக்கொரு ஆறுதல் சொல்ல, நாத்தனார் மட்டும் விடவில்லை. கால் மரத்துப்போவதாகவும் நடையில் தடுமாற்றம் இருப்பதாகவும் மாமனார் முனகியதைப் பிடித்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனார்.

மருத்துவர் முதலில் விசாரித்தது உணவையும் மாத்திரைகளையும். மாமனார் சைவம், பாலும் ஒத்துக்கொள்ளாமல் விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வேறு. ரத்தத்தில் பி12 மிகக் குறைவாக இருந்தது.

இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் கிடைக்கும் இந்தச் சத்து தாவர உணவில் இயல்பாக இல்லை. மெட்ஃபார்மினை நெடுங்காலம் சாப்பிட்டால் உடல் பி12ஐ உறிஞ்சுவது குறையலாம். வயதாகி வயிற்றில் அமிலம் குறைந்தால் உணவிலிருந்து அதைப் பிரித்தெடுப்பதும் கடினம். கல்லீரல் ஆண்டுக்கணக்கில் சேமித்து வைத்திருப்பதால் பற்றாக்குறை மெல்லத்தான் தலைகாட்டும். அதற்குள் நரம்புகளைப் போர்த்திக் காக்கும் மயலின் உறை பழுதாகத் தொடங்கியிருக்கும்.

பி12 ஊசி போட ஆரம்பித்த சில மாதங்களில் பேச்சில் தெளிவு வந்தது. குறுக்கெழுத்துப் புதிரை மறுபடி கையில் எடுத்தார், எங்களைத் திட்டவும் செய்தார்! கால் மரப்பு மட்டும் முழுதாகப் போகவில்லை.

மறுமொழி 1:
என் அம்மாவுக்கு ஹீமோகுளோபின் சரியாக இருந்ததால் பி12 பற்றி யாரும் யோசிக்கவே இல்லை. அவர் ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிட்டுவந்தார். பி12 குறைவால் வரும் ரத்தசோகையை அது சரிக்கட்டிவிடும். ஆனால் உள்ளே நரம்புச் சேதம் தொடரும். ரத்தசோகை இல்லை என்பதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

மறுமொழி 2:
எல்லா மறதிக்கும் இது மருந்தல்ல. அப்பாவுக்கு பி12 அளவு சரியாகவே இருந்தது; வந்தது அல்சைமர். மூளைக்கென்றே வகுக்கப்பட்ட 'மைண்ட்' உணவுமுறையை 604 பேரிடம் மூன்று ஆண்டுகள் சோதித்த ஆய்வு 2023இல் வெளியானது. கலோரியை மட்டும் சற்றுக் குறைத்த மற்றக் குழுவைவிட நினைவாற்றலில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பின்லாந்தில் 1,260 முதியவர்களிடம் நடந்த 'ஃபிங்கர்' ஆய்வில் (2015) ஓரளவு பலன் தெரிந்தது. அங்கே உணவோடு உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்திருந்தன. தனி உணவு எதையும் காப்பாளனாக விற்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. ஊசிக்குப் பிறகு உங்கள் மாமனாருக்கு என்ன தருகிறார்கள்?

பதிவர்:
அதிக அளவு பி12 மாத்திரை. மெட்ஃபார்மின் தொடர்வதால் ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையும் உண்டு.