எச்இகே செல்லில் ஏ2பி தொல்லை: வழி தெரிந்தவர்கள் உண்டா?

வணக்கம். அடினோசின் ஏற்பிகளோடு (அடினோசினை உணரும் செல் புரதங்கள்; ஏ2ஏ, ஏ2பி அவற்றில் இரண்டு வகை) மல்லுக்கட்டியவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

எச்இகே-293 செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதக் கருச் சிறுநீரகச் செல்கள்) மனித ஏ2ஏ ஏற்பியின் மரபணுவைச் செலுத்தி, செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் சிஏஎம்பி எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கிறேன். அடினோசின் ஏற்பிகளைத் தூண்டும் நெகா என்ற மருந்தைக் கொடுத்தால் நன்றாகவே ஏறுகிறது. ஆனால் எதுவும் செலுத்தாத வெறும் செல்களிலும் ஏறுகிறதே! காரணம் தெரியும்: இந்தச் செல்களில் ஏ2பி ஏற்பி இயல்பாகவே உண்டு. ஏ2ஏ, ஏ2பி இரண்டுமே ஜிஎஸ் புரதம் வழியாக, சிஏஎம்பியை உருவாக்கும் அடினைலேட் சைக்ளேஸ் நொதியைத் தூண்டுபவை. நெகா இரண்டையுமே தூண்டும். ஏ2பியைத் தூண்ட நெகா மைக்ரோமோலார் அளவு வேண்டும் என்பதால் குறைந்த செறிவில் தப்பிக்கலாம். செறிவு கூடக்கூட சிஏஎம்பி ஏறுவதைக் காட்டும் வளைகோட்டின் மேல்பகுதிதான் குழம்புகிறது.

ஏ2பியை அவ்வளவாகத் தொடாமல் ஏ2ஏவைத் தூண்டும் சிஜிஎஸ் 21680க்கு மாறுவதா, நெகாவோடு பிஎஸ்பி-603 என்ற தடுப்பானைச் சேர்த்து ஏ2பியை அடைப்பதா? இரண்டையும் செய்து பார்த்தவர்கள் எதைச் சொல்வீர்கள்? விலையும் ஒரு கவலை.

அப்புறம், சிஏஎம்பி சிதையாமலிருக்க அதைச் சிதைக்கும் நொதிகளை (பாஸ்போடைஎஸ்டரேஸ்) தடுக்கும் ஐபிஎம்எக்ஸ் போடச் சொல்கிறார்கள். அதுவும் காஃபின் மாதிரி ஒரு சாந்தைன், அடினோசின் ஏற்பிகளையே தடுக்கும். இந்தச் சோதனைக்கு அதைப் பரிந்துரைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பதிலாக, அந்த நொதிகளில் ஒரு வகையை (பிடிஇ4) மட்டும் தடுக்கும் ரோலிப்ராம் மட்டும் போதுமா?

செல்கள் தாமே வெளியிடும் அடினோசினை அகற்ற அடினோசின் டிஅமினேஸ் நொதி சேர்ப்பவர்கள், எவ்வளவு நேரம் முன்னதாகச் சேர்க்கிறீர்கள்? ஏ2பி மரபணுவை நீக்கிய எச்இகே செல் யாரிடமாவது இருந்தாலும் சொல்லுங்கள். முறைப்படி எங்கள் துறை வழியாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.